கொடியேற்றத்துக்கு மறுநாள்

அன்புள்ள மகளுக்கு,

உன் கல்யாணத்தைக் கோயிலில் ஓலை வாசித்து அறிவிப்பதற்குத் தேவையான ஞானஸ்நானச் சான்றிதழை இத்துடன் இணைத்திருக்கிறேன். உறையைப் பிரித்ததும் நீ என்ன செய்வாய் என்பது எனக்குத் தெரியும். உன் பெயர், என் பெயர், உன் அம்மாவின் பெயர் என்று விரலை வைத்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்ப்பாய். என்னிடமிருந்து உனக்கு வந்த பழக்கம் அது. பிறந்த தேதிக்கு வந்ததும் விரல் நின்றுவிடும். எழுதியவர் தவறிவிட்டார் என்று எண்ணி அதைத் திருப்பி அனுப்பிவிடாதே. அந்தத் தாளில் பிழை இல்லை. உன்னிடமிருக்கும் மற்ற எல்லாத் தாள்களிலும் இருக்கும் தேதிதான் பிழை. அந்தப் பிழையை முதலில் எழுதியவன் நான். பிழை என்று தெரிந்த பிறகும் அதன்கீழ் கையெழுத்திட்டவனும் நான்.

இதை உனக்கு மட்டும் எழுதி ஒட்டி அனுப்பியிருக்கலாம். ஆனால் இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்மணியைப் பலர் முன்னிலையில் பொய் சொல்கிறாள் என்று சொன்னேன். பலர் கேட்கச் சொன்னதை ஒருவர் மட்டும் படிக்கும்படி திரும்பப் பெறுவது முறையாகாது. ஆகவே இதன் பிரதி ஒன்றை நம் கோயிலின் பங்கு இதழுக்கும் கொடுக்கிறேன். அது அச்சாகும் முன் இது உன் கைக்கு வந்து சேர வேண்டுமென்றுதான் இன்றைய தபாலில் சேர்க்கிறேன்.

நீ பிறந்தது உன் அம்மாவின் ஊரில். தருவைகுளத்தையும் தாண்டி வடக்கே போக வேண்டும். அந்நாளில் பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. தூத்துக்குடி ஆஸ்பத்திரியில்தான் பார்க்க வேண்டும் என்றேன். உன் தாத்தா சங்கு குளிக்கிறவர், அதிகம் பேசாதவர். "அங்கன இன்னாசியம்மா இருக்கா, மாப்ள" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். இன்னாசியம்மா அந்த ஊர் மருத்துவச்சி. நான் நிபந்தனையோடு இணங்கினேன். வலி தொடங்கினால் என்ன செய்ய வேண்டும், எந்த வண்டியில் ஆள் வர வேண்டும், தந்தி ஆபீஸ் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்றெல்லாம் வரிசை எண் போட்டு ஒரு தாளில் எழுதி உன் மாமா தொம்மையிடம் கொடுத்தேன். அப்போது அவனுக்குப் பதினெட்டு வயது. தாளின் கடைசி வரி இது: "இவற்றில் எது தவறினாலும், தாய்க்கோ பிள்ளைக்கோ என்ன நேர்ந்தாலும், பொறுப்பு உங்களுடையது." அதன்கீழ் கையெழுத்தும் போட்டேன். கப்பல் முகவர் அலுவலகத்தில் சரக்குச் சீட்டு எழுதுகிறவன் நான். ஒரு மூட்டை எண்ணிக்கை தவறினால் ஒரு கப்பல் காத்துக் கிடக்கும் தொழில். இருபத்தைந்து வயதில், பொறுப்பு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

அறுபத்தொன்பதாம் ஆண்டு ஆகஸ்ட் இரண்டாம் தேதி, சனிக்கிழமை முற்பகலில் தொம்மை என் அலுவலக வாசலில் வந்து நின்றான். "அத்தான், பொம்பளப்பிள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காவ." எப்போது என்று கேட்டேன். ஒரு கணம் தயங்கினான். "காலையிலதான்." அவன் நின்றுகொண்டிருக்கும்போதே நாட்குறிப்பை எடுத்து அந்தத் தேதியில் எழுதினேன். மாலை பஸ்ஸில் ஊருக்குப் போனபோது உன் அம்மா காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தாள். நாள் முந்திப் பிறந்தவள் நீ. என் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையில் அடங்கினாய். பிள்ளைக்கு மூச்சு வராததால் தானே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிட்டதாக இன்னாசியம்மா சொன்னாள். நம் கடற்கரையில் மருத்துவச்சிகளுக்குக் கோயில் சாமிமார் ஞானஸ்நான வாசகத்தைச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆபத்து நேரத்தில் அவர்கள் கொடுத்தது செல்லும். கோயிலில் மீதிச் சடங்கை முடித்துப் பதிவேட்டில் எழுத வேண்டியதுதான் பாக்கி. அந்தச் சடங்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. கப்பல் வேலையால் என்னால் போக முடியவில்லை. பதிவேட்டில் எழுதிவிடும்படி அந்த ஊர்க் கோயில் உபதேசியாருக்கு முறையாகக் கடிதம் எழுதி, நகலைக் கோப்பில் வைத்தேன். நகல் கோப்பில் இருந்தது. ஆகவே காரியமும் முடிந்தது என்று ஐந்து ஆண்டுகள் நம்பியிருந்தேன்.

எழுபத்து நான்காம் ஆண்டு ஜூனில் உன்னைக் கன்னியர் மடத்துத் தொடக்கப்பள்ளியில் சேர்க்க வேண்டியிருந்தது. உன் பெரியப்பா மகள் பிலோமிக்கும் அதே வகுப்பு. இருவருக்கும் ஒரே துணியில் நீலப் பாவாடை, ஒரே அளவில் அலுமினியப் பெட்டி. நீங்கள் இருவரும் ஒரு வாரம் அந்தப் பெட்டிகளோடு வீட்டுக்குள்ளேயே பள்ளிக்கூடம் போய் வந்தீர்கள். பள்ளி விதிப்படி ஜூலை முப்பத்தொன்றுக்குள் ஐந்து வயது நிறைய வேண்டும். உனக்கு இரண்டு நாள் குறைந்தது. மற்ற தகப்பன்மார் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியும். ஊரில் பாதிப் பிள்ளைகள் ஜூன் மாதத்தில் பிறந்தவர்களாகவே பள்ளிக்கூடத்துக்குள் நுழைவார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. இரண்டு நாள் விலக்கு கோரி, தலைமைச் சகோதரிக்கு ஒரு மனு எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.

வரிசையில் நின்றவர்களில் மனுவோடு வந்தவன் நான் ஒருவன்தான். சிஸ்டர் அதை முழுவதும் படித்தார். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "இவ்வளவு நல்லா எழுதியிருக்கீங்க சார். ஆனா விலக்கு குடுக்க எனக்கு அதிகாரம் இல்லையே" என்றார். பிறகு உன்னைப் பக்கத்தில் அழைத்து, "வலது கையைத் தலைக்கு மேல போட்டு இடது காதைத் தொடு பாப்பா" என்றார். நீ தலையைச் சாய்க்காமல், ஏமாற்றாமல், நேராக நின்று தொட்டாய். "தொட்டுட்டாளே" என்றார் சிஸ்டர். "இது விதி அல்ல சிஸ்டர், வழக்கம்" என்றேன். அவர் முகத்தில் ஒரு சோர்வு வந்தது. "ஞானஸ்நானச் சான்றிதழ் கொண்டு வாங்க. சாமி அதுல என்ன தேதி எழுதித் தாராரோ அதைத்தான் நானும் எழுதுவேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் இடம் வச்சிருக்கேன்."

மறுநாள் காலை பஸ்ஸில் உன் அம்மாவும் நீயும் நானும் அந்த ஊர்ப் பங்குச்சாமியிடம் போனோம். பதிவேட்டில் உன் பெயர் இல்லை. அந்த உபதேசியார் மாற்றலாகிப் போய் மூன்று ஆண்டு. என் கடிதத்தின் நகலை நீட்டினேன், சாமி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "நகல் நல்லா இருக்கு. பதிவேட்டுல ஒண்ணும் இல்லையே தம்பி" என்றார். காத்திருந்த ஆட்கள் சிரித்தார்கள். ஞானஸ்நானம் கொடுத்தவள் உயிரோடு இருப்பதால் அவள் வந்து சத்தியத்தின் பேரில் சாட்சி சொன்னால் இப்போதே எழுதிக்கொடுக்கலாம் என்று சாமியே வழி சொன்னார். ஆள் போயிற்று. இன்னாசியம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்தாள். உன் கன்னத்தைக் கிள்ளினாள். "ஏளா, நீயா? எலிக்குஞ்சு மாதிரி இருந்த."

"பிள்ளை என்னைக்குப் பொறந்தது? யோசிச்சுச் சொல்லு" என்றார் சாமி.

"இதுல யோசிக்க என்ன சாமி இருக்கு. மாதா கோயில் கொடியேத்தத்துக்கு மறுநா. ஊரே தூத்துக்குடிக்குக் கொடியேத்தம் பாக்கப் போயிட்டு அலுத்துச் சலிச்சு வந்து கெடக்கு. விடியுதப்ப இவ தாத்தா வந்து கதவத் தட்டுதாரு. ஞாயித்துக்கெழம. இவளால எனக்கு அன்னைக்குப் பூசை போச்சு. அதையும் பாவசங்கீர்த்தனத்துல சொல்லியாச்சு."

மறுபடியும் சிரிப்பு. எனக்கு மட்டும் கணக்கு ஓடியது. கொடியேற்றம் ஜூலை இருபத்தாறு. மறுநாள் இருபத்தேழு. பள்ளி வைத்திருக்கும் எல்லைக்குச் சரியாக நான்கு நாள் முன்னால். இவ்வளவு வசதியான தேதி தானாக வராது என்று எனக்குப் பட்டது. உன் அம்மா ஆள் அனுப்பிச் சொல்லிவைத்திருக்கிறாள், அல்லது அவள் வீட்டார் செய்த ஏற்பாடு என்று ஒரு நொடியில் முடிவு கட்டினேன். என்ன நடக்கலாம் என்று எதிர்பார்த்தோ என்னவோ, அந்த ஆண்டின் நாட்குறிப்பைப் பையில் கொண்டுபோயிருந்தேன். எடுத்து ஆகஸ்ட் இரண்டாம் தேதிப் பக்கத்தை உரக்க வாசித்தேன். "அன்று காலை பிறந்தது என்று இவர்கள் வீட்டு ஆளே வந்து சொல்லி, அந்த நிமிடமே எழுதியது" என்றேன்.

"சொன்னவன் என்னத்தச் சொன்னானோ. பிள்ளைய எடுத்தது நானா, அவனா?" என்றாள் இன்னாசியம்மா.

அப்போது நான் சொன்னதைச் சொற்கள் மாறாமல் எழுதுகிறேன். "பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காகத் தேதியை மாற்றும்படி யாரோ உனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, சாமி முன்னால் பொய் சொல்லாதே."

யாரும் சிரிக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள், பிறகு உன்னைப் பார்த்தாள். "மூச்சு ஊதிவிட்டவ பொய் சொல்லுதா, பொஸ்தகத்துல எழுதினவரு நெசம் சொல்லுதாரு. சரி மாப்ள." சாமி பக்கம் திரும்பினாள். "அவரு சொல்லுததையே எழுதும் சாமி. பிள்ளை அவரு பிள்ளை." சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சாமி பேனாவைத் திறந்தார். தகப்பன் கையில் எழுத்து இருக்கிறது, சாட்சியும் பின்வாங்கிவிட்டாள், வேறு என்ன செய்வார்? ஆகஸ்ட் இரண்டு என்று எழுதினார்.

பஸ்ஸில் உன் அம்மா, "எனக்குக் காய்ச்சல்ல ஒண்ணும் நெனவில்ல. ஆனா அந்தம்மா எதுக்குப் பொய் சொல்லணும்?" என்றாள். "உனக்காக" என்றேன். அவள் உன்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளை நான் சந்தேகித்தேன் என்பது அந்த ஒரு சொல்லில் அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் யாருக்கும் எதையும் சொல்லிவைத்திருக்கவில்லை, மகளே. அவளுக்கே அந்தத் தேதி தெரியாது.

வெள்ளிக்கிழமை சிஸ்டர் சான்றிதழைப் பார்த்தார். என் மனுவை அதற்குள் மடித்து இரண்டையும் என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க சார்." மணி அடித்தது. பிலோமி வரிசையோடு உள்ளே போனாள்; ஒரு தடவை திரும்பி உன்னைப் பார்த்துக் கை அசைத்தாள். நீ அழவில்லை. வாசல் தாண்டியதும் கேட்டாய்: "நான் காதைத் தொட்டேன்ல, அப்பா?" ஐந்து வயதுகூட நிறையாத பிள்ளைக்கு, விதிக்கும் வழக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை வீடு வரும் வரை விளக்கிக்கொண்டே வந்தேன். நீ கேட்டுக்கொண்டுதான் வந்தாய். விளக்கம் முழுவதிலிருந்தும் நீ எடுத்துக்கொண்டது, உன் கை சரியாக எட்டவில்லை என்ற ஒன்றைத்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த ஆண்டு முழுவதும், பிலோமி பள்ளி விட்டு வந்ததும், நீ சுவரோரம் போய் நின்று தலைக்கு மேல் கையைப் போட்டு காதைத் தொட்டுப் பார்ப்பாய். உன் அம்மா அதைக் கண்டால் அடுக்களைக்குள் போய்விடுவாள். அடுத்த ஜூனில் நீ போட்டுக்கொண்டு போனது அதே நீலப் பாவாடைதான். ஓரத்தை இரண்டு விரற்கடை பிரித்து இறக்கித் தைத்திருந்தாள். பிரித்த இடத்தில் பழைய நிறம் ஒரு கோடாக நின்றது.

உன் பெரியப்பா என்னை விடவில்லை. "ஏலே, ரெண்டு நாளைக்காகப் பிள்ளைக்கு ஒரு வருசத்தத் தொலச்சிட்டு வந்து நிக்க. ஊருல எல்லாருக்கும் தகப்பன் தேதி குடுக்கான். உன் பிள்ளைக்கு மட்டும் மேல இருந்து எறங்குது" என்றார். நான் உண்மைக்காக ஒரு வருடத்தை இழந்தேன் என்று பதில் சொன்னேன். அந்த வாக்கியத்தில் எனக்கு ஒரு பெருமிதம் இருந்தது. இழந்தவள் நீ என்பது அதில் எங்கும் இல்லை.

நீ எட்டாம் வகுப்பில் இருந்தபோது தொம்மைக்குத் தலைமகன் பிறந்தான். பார்க்கப் போயிருந்தேன். வழக்கம்போல் நாட்குறிப்பை எடுத்து, எப்போது பிறந்தான் என்று கேட்டேன். அவன் சிரித்தான். "இந்தத் தடவ சரியாச் சொல்லுதேன், அத்தான்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. நான் விடவில்லை. கடைசியில் சொன்னான்: "ஆறு நாளா பிள்ளை இருக்குமா போகுமான்னு தெரியல. அக்காவுக்கும் காய்ச்சல். தந்தி அடிக்கப் போறேன்னேன். பிழச்சா சொல்லுவோம், இல்லன்னா என்ன சொல்லன்னு யோசிப்போம்னு அப்பா சொன்னாரு. நீங்க குடுத்த தாளுல கடைசி வரி எங்க வீட்டுல எல்லாருக்கும் மனப்பாடம் அத்தான். நீங்க எப்பன்னு கேட்டியளா, ஆறு நாளாச்சுன்னு சொன்னா அங்கனயே அடிச்சிருவியன்னு காலையிலன்னு சொல்லிட்டேன்." பிறகாவது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "பிறகு நீங்க எழுதிட்டிய. நீங்க எழுதினத யாரு மாத்த?" என்றான். நான் பள்ளியில் உன்னைச் சேர்க்கப் போன அந்த ஜூனில் அவன் தோணியில் கொழும்புக்குப் போயிருந்தான். ஊரில் நடந்தது அவனுக்குத் திரும்பி வந்த பிறகே தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் நாட்குறிப்பைப் பிரித்து ஜூலை இருபத்தேழாம் தேதியைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை. காலண்டர் படிக்கத் தெரியாத ஒரு பெண், ஐந்து ஆண்டு கழித்து, தேதி தெரியாமலேயே கிழமையைச் சரியாகச் சொன்னாள். தவறவிட்ட பூசை அவளுக்கு நினைவிருந்தது. அன்று சாமி முன்னால் நான் அதே புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மூன்று தாள் பின்னால் புரட்டியிருந்தால் போதும். புரட்டவில்லை. அடுத்தவன் எழுதிய சரக்குச் சீட்டை மூன்று முறை சரிபார்ப்பவன், என் எழுத்தை ஒருமுறைகூடச் சரிபார்க்கவில்லை.

இதுவரை சொன்னது பிடிவாதம். இனிச் சொல்வதற்கு அந்தப் பெயரும் பொருந்தாது. நீ பத்தாம் வகுப்புக்கு வந்தபோது, அரசுத் தேர்வுக்கு முன் ஒரு படிவத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். பெயரும் பிறந்த தேதியும் சரிதானா என்று பெற்றோர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அதன்பின் மாற்ற முடியாது என்று மேலேயே அச்சிட்டிருந்தது. மாற்ற அதுதான் கடைசி வாய்ப்பு. மாற்ற வேண்டுமானால் முதலில் கோயில் பதிவேடு திருந்த வேண்டும். அது திருந்த வேண்டுமானால் நான் அந்த ஊருக்குப் போய், இன்னாசியம்மா சொன்னது உண்மை, நான் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். படிவத்தை இரண்டு நாள் மேசையில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் காலை, "மிஸ் கேட்டாங்கப்பா" என்று நீ வந்து நின்றாய். அறிந்தே கையெழுத்திட்டேன். நீ மை காயட்டும் என்று ஊதிக்கொண்டே போனாய்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சர் வேலைக்கு விளம்பரம் வந்தது நினைவிருக்கும். தட்டச்சு வகுப்பில் உன்னைவிட வேகமான பெண் கிடையாது. ஜூலை முப்பத்தொன்றில் பதினெட்டு நிறைந்திருக்க வேண்டும் என்றிருந்தார்கள். விண்ணப்பம் திரும்பி வந்த அன்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "ரெண்டு நாள்ப்பா. எனக்கு எப்பவும் அந்த ரெண்டே நாள்." நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் குறித்த நாளுக்கு நான்கு நாள் முன்பே உனக்குப் பதினெட்டு நிறைந்திருந்தது என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரியும். இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டேன். அதன்பிறகு நீ சென்னைக்கு வேலை தேடிப் போனாய். ஏழு ஆண்டுகளாக அங்கேதான் இருக்கிறாய். நல்ல வேலைதான், குறையில்லை என்கிறாய். இருக்கலாம். அது நீயாகத் தேர்ந்ததல்ல என்பதை நீ அறிந்திருக்க வேண்டும்.

இப்போதாவது சொல்லத் துணிந்ததற்குக் காரணம் மனமாற்றம் என்று எண்ணிக்கொள்ளாதே. சென்ற வாரம் உன் அம்மாவுக்கு நீ அனுப்பிய கல்யாண வேலைப் பட்டியல்தான் காரணம். இருபத்து மூன்று வேலைகள், வரிசை எண்களோடு, எதை யார் எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்ற குறிப்போடு. என் கையெழுத்தே போன்ற கையெழுத்து. கடைசியில், "இதில் எது பிசகினாலும் நான் யாரிடமும் பேச மாட்டேன்" என்று எழுதியிருந்தாய். உன் கல்யாணச் சட்டைத் துணியைத் தையற்காரர் வெட்டும்போதே பிசகிவிட்டது. புதுத் துணி வாங்க வேண்டும். உன் அம்மா என்னிடம், "அவகிட்ட இப்பச் சொல்லாதிய. எல்லாம் சரியானப்புறம் சொல்லிக்கிடலாம்" என்றாள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் உன் தாத்தா வீட்டில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்பதை அப்போதுதான் என் காதால் கேட்டேன். ஒரு வீட்டில் கெட்ட செய்தி தாமதமாக வருகிறதென்றால் அதைக் கொண்டுவருகிறவர்களை மட்டும் குறை சொல்லாதே. அது யாரிடம் வருகிறதென்று பார். நீ போகப்போவது புது வீடு. பட்டியல் போடு, அதில் தவறில்லை. கடைசி வரியை எழுதாதே. எதைச் சொன்னாலும் முதலில் "சரி, பார்ப்போம்" என்று கேட்டுக்கொள். இந்த இரண்டு சொல் என் வாயில் இருந்திருந்தால், தொம்மை முதல் நாளே ஓடி வந்திருப்பான். (துணி வாங்கியாயிற்று. அம்மாவிடம் கோபப்படாதே.)

மறுநாளே அந்த ஊருக்குப் போனேன். இன்னாசியம்மாவுக்கு எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். மகன் வீட்டு முற்றத்தில் நார்க்கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பார்வை மங்கல். குரலைக் கேட்டதும், "யாரு, பொஸ்தக மாப்ளயா?" என்றாள். இருபது ஆண்டுகளாக அந்த ஊரில் என் பெயர் அதுதானாம், எனக்குத்தான் தெரியாது. வந்த காரியத்தைச் சொன்னேன். அவள் அன்று சொன்னதுதான் உண்மை, நான் சொன்னது தவறு என்றேன். பதிவேட்டைத் திருத்த மறுபடியும் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று கேட்டேன்.

"நான் ஒருக்கா சொல்லியாச்சு" என்றாள். "ஒரு சங்கதிய எத்தன மட்டம் சொல்ல? இப்ப நீரு போய்ச் சொல்லும்."

நான் எழுந்தபோது, "பிள்ளைக்கு எப்பக் கல்யாணம்?" என்று கேட்டாள். திருவிழா முடிந்து கொடி இறங்கிய பிறகு என்றேன். "வருவேன். இவளால ஒரு பூசை போனது போதும்" என்றாள். இதுதான் எனக்குக் கிடைத்த மன்னிப்பு. இதற்கு மேல் கேட்க எனக்கு உரிமை இல்லை.

இப்போதிருக்கும் சாமி இளைஞர். அலுவலகத்தில் திருவிழா வேலையாக வந்த ஆட்கள் நிறைய இருந்தார்கள். கூட்டம் குறையட்டும் என்று அவர் சொல்லியும் நான் காத்திருக்கவில்லை. அவர்கள் முன்னால் நின்றே சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். தொம்மை இரண்டாம் சாட்சி. கையெழுத்திடும்போது, இந்த வயதிலும் அவன் என்னைத்தான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். பதிவேட்டின் ஓரத்தில் திருத்தம் எழுதி முத்திரை வைத்தார்கள். அந்தச் சான்றிதழைத்தான் அனுப்பியிருக்கிறேன்.

மற்றவை திருந்தவில்லை. உன் பள்ளிச் சான்றிதழுக்காக மூன்று அலுவலகம் ஏறி இறங்கினேன். ஒருவர் காலம் கடந்துவிட்டது என்றார். ஒருவர் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னார். மூன்றாமவர், உன் வயதுதான் இருக்கும், படிவத்தை எடுத்து, "சார், சரிதான்னு நீங்களே பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்று என் கையெழுத்தையே எனக்குக் காட்டினார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். இன்னும் கடுமையாகச் சொல்லியிருப்பேன். எரிச்சலோடு படியிறங்கினேன். யார்மேல் எரிச்சல் என்று கேட்டால் சுட்டிக்காட்ட வெளியில் ஆள் இல்லை. ஆகவே கோயில் பதிவேட்டில் உனக்கு ஒரு தேதியும் அரசுத் தாள்களில் வேறொரு தேதியும் இருக்கும். எங்காவது யாராவது கேட்டால், பிழை என் தகப்பனுடையது என்று சொல். எழுத்தில் வேண்டுமென்றால் இந்தக் கடிதத்தைக் காட்டு.

கடைசியாக, அந்த நாட்குறிப்பு. ஆகஸ்ட் இரண்டாம் தேதிப் பக்கத்தை நான் தொடவில்லை. செய்தி எனக்கு வந்த நாள் அதுதான், அது அப்படியே இருக்கட்டும். ஜூலை இருபத்தேழாம் தேதிப் பக்கத்தில் என் கையெழுத்தில் மூன்று வரி இருக்கிறது. "காலை பூசை. வெயில் கடுமை. குறிப்பிடத்தக்கது ஒன்றுமில்லை." முப்பது ஆண்டு நாட்குறிப்புகளில் நான் எங்கும் அடித்து எழுதியதில்லை. நேற்று மூன்றாவது வரியின்மேல் ஒற்றைக் கோடு இழுத்தேன்; அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது அலுவலக விதி. அதற்கு மேலே "மகள் பிறந்தாள்" என்று எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பமும் நேற்றைய தேதியும் இட்டேன்.

உன் அப்பா